சைரன் கேட்டால் வழிவிடுங்கள், மற்றபடி ஆடுங்கள்!

பாரிஸில் ஜூலை 13ஆம் தேதி மத்தியானம் ஒரு தீயணைப்பு நிலையத்தின் வாசலில் போய் நின்று பாருங்கள். சிரிப்பை அடக்க முடியாது. தோள் அகன்ற வீரர் ஒருவர் ஏணி உச்சியில் நின்று கலர் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார். கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்தபடி, 'இடது பக்கம் இறங்குது', 'இல்லையில்லை, வலதுதான்' என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எரிகிற ஆறாம் மாடிக்கு அசராமல் ஏறுகிற கூட்டம் இது. ஒரு தோரணம் அவர்களை இந்தப் பாடு படுத்துகிறது!

இன்னும் சில மணி நேரத்தில் இந்த முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. 'பால் தே பொம்பியே' என்பார்கள். தீயணைப்பு வீரர்கள் நடத்தும் நடன இரவு. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டி, 13 இரவும் 14 இரவும், ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்து விடியற்காலை நாலு வரை அமர்க்களம். சில நிலையங்களில் ஒரு நாள் மட்டும், சிலவற்றில் இரண்டு நாளும் நடக்கும். அழைப்பிதழ் கிடையாது, கோட்டு சூட்டு வேண்டாம், யார் வேண்டுமானாலும் போகலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் அவசர சேவைக்காரர்களைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லி, பெரிய ஓட்டலில் விருந்து வைத்து, அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, மூன்று பிரமுகர்கள் பேசி முடிக்கும்வரை கொட்டாவியை விழுங்க வைப்பார்கள். இங்கே விருந்து கொடுப்பதே அவர்கள்தான். மேடை போடுவது, பீர் ஊற்றுவது, டோக்கன் கிழிப்பது, விடிந்ததும் விளக்குமாறு பிடிப்பது வரை எல்லாம் அவர்கள் கைவேலை. பிரமுகர் பேச்சும் கிடையாது. ஆகா!

வாருங்கள், கதவு திறப்பதற்குள் உள்ளே ஓர் எட்டு பார்த்துவிடலாம்.

மாரே பகுதியின் செவின்யே நிலையம் பழைய மாளிகை ஒன்றுக்குள் இருக்கிறது. மற்ற நாட்களில் இதன் வாசலைக் கடந்து போகிற உள்ளூர்க்காரர், கதவு திறந்து சிவப்பு வண்டி ஒன்று வெளியே பாயும் அந்த ஒரு நொடியில்தான் உள்முற்றத்தை எட்டிப் பார்த்திருப்பார். இன்று அதே முற்றத்துக்குள் பீர் பீப்பாய்கள் உருண்டு போகின்றன. ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. ரூ பிளான்ஷ், வியூ கொலோம்பியே, போர் ரொயால் என்று மற்ற நிலையங்களிலும் இதே கூத்துதான்.

வண்டிகள் எங்கே? அதுதான் அன்றைய பெரிய தலைவலி. பாரிஸின் பழைய நிலையங்களில் தாராளமாக இடம் கிடையாது. வண்டிக் கொட்டகையையும் முற்றத்தையும் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டால், அவசர வண்டிகளை எந்த நொடியும் கிளம்புகிற மாதிரி தெருவிலோ, தடுப்பு போட்டு ஒதுக்கிய வழியிலோ நிறுத்த வேண்டும். ஏனென்றால் அன்று இரவும் தீயணைப்புக்கு அழைக்கும் 18 என்ற அவசர எண் ஓயாது. சொல்லப்போனால் வருஷத்தில் மிக மும்முரமான இரவுகளில் இவையும் உண்டு. தெருமுனைப் பட்டாசு, பற்றி எரியும் குப்பைத் தொட்டி, கொளுத்திவிடப்பட்ட கார், குடித்துவிட்டுப் படியில் உருண்டவர் என்று அழைப்புக்குப் பஞ்சமே இருக்காது. அதனால் நிலையத்தில் இரண்டு கூட்டம். ஒன்று விருந்து நடத்துகிறது. மற்றொன்று பணியில் இருக்கிறது, மதுவைக் கையால் தொடாது, காதை அழைப்பு மணியில் வைத்திருக்கிறது. பாட்டு எவ்வளவு பலமாக அலறினாலும் அந்த மணி மட்டும் கேட்டாக வேண்டும்.

இந்த வீரர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் தீயணைப்புப் படை முழுக்க ராணுவம். ஜெனரல் ஒருவர்தான் தலைவர். பாரிஸையும் அதைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களையும் சுமார் 8,500 பேர் காக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை கிளம்பிப் போகிறார்கள். அதில் தீ கொஞ்சம்தான். மயக்கம், மாரடைப்பு, சாலை விபத்து என்று ஆள் உயிர் காக்கப் போகிற அழைப்புகளே மிக அதிகம். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள், பலர் வெளியூர்களிலிருந்து வந்து நிலையத்திலேயே தங்கிப் பணி செய்கிறவர்கள்.

அவர்களுடைய ஒரு சாமானை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். முற்றத்திலோ வண்டிக் கொட்டகையிலோ தலைக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்கும். பார்க்க ஒன்றுமில்லை, யாரோ அலமாரி அடித்து மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தரையிலிருந்து 2 மீட்டர் 40 சென்டிமீட்டர் உயரம். தினமும் காலையில் அணிவகுப்பின்போது, பணிக்கு வரும் ஒவ்வொருவரும் தீயில் இறங்கும் கனத்த உடுப்போடு அந்தப் பலகையைப் பிடித்துத் தொங்கி, கையின் பலத்தாலேயே உடம்பைத் தூக்கி மேலே ஏறிக் காட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். காலடியில் தளம் இடிந்துபோனால் எட்டிய விளிம்பைப் பிடித்து ஏறித் தப்ப முடிகிறதா என்று பார்க்கிற சோதனை இது. நேற்று முடிந்தது, இன்று முடியவில்லை என்றால் இன்று தீக்குள் போகக் கூடாது. அவ்வளவு கறார். விருந்தன்று இரண்டு கோப்பை உள்ளே போன எந்த விருந்தினருக்கும் அந்தப் பலகையைப் பார்த்ததும் தொங்கிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், முட்டி பெயர்ந்தால் முதலுதவி உடனே கிடைக்கும் என்பது மட்டும்தான் ஆறுதல்!

திங்கட்கிழமைக் காலைகளில் இதே முற்றங்களில் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அசையாமல் கேட்பார்கள். தோரணம் கட்டுகிற இந்தப் பையன்களுக்கு அந்தப் பட்டியல் தெரியும்.

இப்போது அலங்காரத் துணிக்கு வருவோம். மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு திரை வேண்டும் என்றால், கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று எந்தத் துணியையும் இழுத்துக் கட்டிவிட முடியாது. பொதுமக்கள் கூடும் இடத்தில் தொங்குகிற துணி எளிதில் தீப்பற்றாத ரகம் என்று சான்று பெற்றிருக்க வேண்டும். பிரான்ஸில் எல்லா அரங்குகளுக்கும் உள்ள சட்டம்தான். ஆனால் பாரிஸ் தீயணைப்புக்காரர்களுக்கும் திரைச்சீலைக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நான் இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்ததே அந்தக் கதைக்காகத்தான்.

1810ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி. நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரி லூயிஸை மணந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பாரிஸிலிருந்த ஆஸ்திரியத் தூதர் இளவரசர் ஷ்வார்ட்ஸன்பெர்க், புதுமணத் தம்பதிக்கு ஊரே வாய் பிளக்கிற மாதிரி ஒரு நடன விருந்து கொடுத்தார். தூதரக மாளிகையில் அவ்வளவு கூட்டத்துக்கு இடம் போதாது என்று தோட்டத்தில் மரத்தாலேயே ஒரு தற்காலிக நடனக் கூடம் எழுப்பினார்கள். சுவரெல்லாம் துணி, மெல்லிய சல்லாத் திரைகள், காகிதப் பூக்கள். வெளிச்சத்துக்கு? மெழுகுவர்த்திகள்! படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது இல்லையா?

ஆட்டம் களைகட்டிய நேரம். காற்று அடித்தது, திரை ஆடியது, சுடர் தொட்டது. சில நிமிஷத்தில் கூடமே நெருப்பு. நெப்போலியன் மனைவியை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டு, தானே திரும்பி வந்து மீட்பு வேலையைப் பார்த்தார். தூதரின் அண்ணி பவுலின் இளவரசி மகளைத் தேடி உள்ளே ஓடினார், திரும்பவில்லை. மேலும் பலர் செத்தார்கள். அன்றைக்குப் பாரிஸில் இருந்த பம்புக்காரர்கள் போதிய ஆளும் ஒழுங்கும் இல்லாத கூட்டம். பேரரசர் கொதித்துப் போனார். 1811 செப்டம்பர் 18ஆம் தேதி ஆணை பிறந்தது. பாரிஸின் தீயணைப்பு வேலையை இனி ராணுவப் பட்டாளம் ஒன்று பார்த்துக்கொள்ளும்.

ஆக, இந்தப் படை பிறந்ததே ஒரு நடன விருந்து எரிந்துபோனதால்! அதே படை இன்று வருஷா வருஷம் ஊரைக் கூப்பிட்டு நடன விருந்து வைக்கிறது. உலகத்திலேயே பத்திரமாக ஆடக்கூடிய இடம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இந்த முற்றங்களைத்தான் சொல்வேன்.

விருந்து வழக்கம் எப்படி வந்தது என்பதற்குப் படைக்காரர்களே சொல்லும் கதை சுவாரஸ்யமானது. 1937 ஜூலை 14. மோன்மார்த்ர் நிலையத்து வீரர்கள் அணிவகுப்பு முடிந்து திரும்புகிறார்கள். வேடிக்கை பார்த்த ஜனங்கள் கலைந்து போகாமல் பின்னாலேயே நிலையம் வரை வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்த சார்ஜென்ட் கூர்னே கதவைத் திறந்துவிடச் சொன்னாராம். உள்ளே வந்தவர்களுக்கு வீரர்கள் உடற்பயிற்சி வித்தைகள் செய்து காட்டினார்கள். அடுத்த வருஷமும் கூட்டம் வந்தது. மற்ற நிலையங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன.

சரி, மணி எட்டாகிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை, ஜூலையில் பாரிஸில் சூரியன் மறைய பத்து மணி ஆகிவிடும். ஆனால் வெளியே வரிசை தெருமுனை தாண்டித் திரும்பிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த தம்பதி, அதே தெருவில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் பாட்டி, வழிகாட்டிப் புத்தகத்தோடு சுற்றுலாக்காரர்கள். 2015இல் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு வாசலில் பை சோதனை கெடுபிடியாகிவிட்டது. கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தால் அங்கேயே போய்விடும்.

சோதனை தாண்டியதும் எதிரே நிற்கிறது பீப்பாய். பல நிலையங்களில் நுழைவுக் கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. வாசலில் ஒரு மரப் பீப்பாய், பக்கத்தில் சிரித்த முகத்தோடு இரண்டு வீரர்கள். கோயில் உண்டியல் மாதிரிதான், இஷ்டப்பட்டதைப் போடலாம். சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சில்லறையை மட்டும் போட யாருக்கு மனசு வரும்? படைக்குத் தந்திரம் தெரியும்! இன்னும் சில நிலையங்களில் சிறு கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் பானங்கள் விற்கிற காசு. அதற்கு டோக்கன், டோக்கனுக்கு ஒரு வரிசை, கோப்பைக்கு இன்னொரு வரிசை. பொறுமை இருந்தால்தான் தாகம் தீரும்.

ஒன்பதே முக்காலுக்கு மெதுவாகத் தொடங்கும் ஆட்டம் பதினொன்றுக்குள் கொதிநிலைக்கு வந்துவிடும். முன்பு அக்கார்டியன் வாசித்த இடத்தில் இப்போது பெரும்பாலும் டிஜே. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பழைய பாட்டு, இருபதுகளுக்கு ஒரு புதுப் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்தான் கெட்டிக்காரர். மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுக்கிறவர்கள் ஒரு பக்கம். வண்டியின் படியில் ஏறி நிற்கப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். அப்புறம், மேடையில் ஏறி ஆடும் வீரர்களில் சிலர் கூட்டத்தின் கூச்சலில் மயங்கிச் சட்டையைக் கழற்றுவதும் உண்டு. பெண்கள் பக்கத்திலிருந்து அப்போது எழும் சத்தம் இருக்கிறதே, சைரன் தோற்றுப்போகும். மேலதிகாரிகளுக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு என்ன அபிப்பிராயம் என்று கேட்காதீர்கள், நான் பத்திரிகைக்காரி.

நிஜ சைரன் வரும்போதுதான் இந்த விருந்தின் ருசியே தெரியும். பிரெஞ்சுக் குழந்தைகள் அதை 'பேன்-போன்' என்று சொல்லி விளையாடுவார்கள். ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திடீரென்று காணாமல் போவார்கள். அடுத்த நிமிஷம் தெருவில் சிவப்பு வண்டி நகரும். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே நடைபாதையில் ஒண்டி வழிவிட்டுக் கைதட்டுவார்கள். உள்ளே பாட்டு நிற்காது. முக்கால் மணி நேரம் கழித்துப் புகை வாசனையோடு திரும்பி வருகிறவர்களுக்கு யாராவது ஓர் ஆரஞ்சு ஜூஸை நீட்டுவார்கள். அவர்களும் குடித்துவிட்டு மறுபடி ஓரத்தில் நிற்பார்கள். தனக்காக நடக்கிற விழாவில் தான் ஆட முடியாமல் நிற்கிற அந்த நாலைந்து பேரைத்தான் நான் இந்த விருந்தின் நாயகர்கள் என்பேன்.

2019 ஏப்ரல் 15ஆம் தேதி நோத்ர்தாம் தேவாலயம் எரிந்தபோது போனவர்களும் இவர்கள்தான். சுமார் 400 பேர் இரவெல்லாம் போராடி மணிக்கூண்டுகளைக் காப்பாற்றினார்கள். அந்த இரவைத் தொலைக்காட்சியில் பார்த்த உலகத்துக்கு அவர்கள் வெறும் தலைக்கவசங்கள். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு, ஜூலையில் டோக்கனுக்குச் சில்லறை இல்லை என்று கையை விரித்த அதே பையன்கள்.

பணம் என்ன ஆகிறது? ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் கணக்கு. உடற்பயிற்சிச் சாமான், சமையலறை, ஓய்வறை என்று நிலையத்தில் வாழ்கிறவர்களின் வசதிக்கு ஒரு பங்கு. காயப்பட்டவர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவுகிற அமைப்புகளுக்கு ஒரு பங்கு. கடமையில் இறந்த தீயணைப்பு வீரர்களின் குழந்தைகளுக்காக 1926இல் தொடங்கிய நாடளாவிய அறநிதி ஒன்று இன்றும் இயங்குகிறது. பாரிஸுக்கு வெளியே, சிறு ஊர்களில், இந்த விருந்துக்கு இன்னொரு முகம். பிரான்ஸின் சுமார் இரண்டரை லட்சம் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் நாலு பேர் தொண்டர்கள். பகலில் ரொட்டிக் கடை, ஆசிரியர் வேலை, விவசாயம், மணி அடித்தால் தலைக்கவசம். அங்கே விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை வீரர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். மார்சேய் மட்டும் விசித்திரம், அங்கே தீயணைப்பு கடற்படையின் கையில். 1938இல் ஒரு பெரிய அங்காடி எரிந்து 73 பேர் இறந்தபின் வந்த ஏற்பாடு அது.

தீயணைப்புக்காரர்களின் நடன விருந்து என்றதும் சினிமாப் பைத்தியங்களுக்கு மிலோஸ் ஃபோர்மன் நினைவுக்கு வந்திருப்பார். செக் நாட்டு ஊர் ஒன்றின் விருந்தில் பரிசுக் குலுக்கல் சாமான்கள் ஒவ்வொன்றாகக் களவு போவதை வைத்து 1967இல் அவர் எடுத்த படத்தை அங்கே பிறகு தடையே செய்தார்கள். பாரிஸில் பரிசுக் குலுக்கலை நம்பாமல் பீப்பாயை நம்பியது புத்திசாலித்தனம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஜூலை 14 புதிதில்லை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் கொடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பாரிஸ் போய்க் குடியேறிய தமிழர்களுக்கோ இந்த விருந்து கூப்பிடு தூரம். லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு இறங்கி நடந்தால் ஷாத்தோ-லாந்தோன் தீயணைப்பு நிலையம் வந்துவிடும். அங்கும் விருந்து நடந்திருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தலைமுறை ஒரு காலத்தில் சீருடையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போன தலைமுறை. அவர்களுடைய பிள்ளைகள் சீருடைக்காரரிடம் பீர் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறார்கள்.

நாலு மணிக்குப் பாட்டு நிற்கும். கடைசி ஜோடியைக் கிளப்புவது பெரும்பாடு. அப்புறம் தண்ணீர்க் குழாய் வரும். பீரும் சர்க்கரையும் கொட்டிப் பிசுபிசுத்த முற்றத்தைக் கழுவ இவர்களைவிட வசதி யாருக்கு இருக்கிறது? காலையில் ஷான்ஸெலீஸே சாலையில் அணிவகுப்பு. பளபளக்கும் தலைக்கவசத்தோடு படை நடந்து போகும்போது, இரவு ஆடிய பாரிஸ்காரர்கள் தூக்கக் கலக்கத்தோடு தெரிந்த முகத்தைத் தேடுவார்கள்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். எந்த நிலையம், எந்த இரவு என்ற பட்டியல் ஜூலை பிறந்ததும் வந்துவிடும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். மிதிபட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்பு நல்லது. பெரிய பை வேண்டாம். கையில் ரொக்கம் வையுங்கள். பீப்பாயில் போட மறந்துவிட்டோமே என்று வருத்தப்படவும் வேண்டாம். நவம்பர், டிசம்பரில் புத்தாண்டுக் காலண்டரோடு இதே வீரர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அதற்கும் விலை கிடையாது, இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம்.